பூட்டின் படமும் பூட்டின் குறையும்

திண்டுக்கல் வீட்டார் பூட்டு ஒன்றை இணைய அங்காடியில் வாங்கினர் என்றால் ஊரார் நகைப்பர். ஆயினும் அது நிகழ்ந்தது. பெங்களூரில் வாழும் எம் மகள், புதுவீட்டின் இரும்புக் கதவுக்கு ஊர்ப் பூட்டுத்தான் வேண்டுமென்று விரும்பி, கைப்பேசியில் ‘திண்டுக்கல் பூட்டு’ எனத் தேடி ஒன்றை வரவழைத்தாள். பூட்டு வந்தது, பூட்டியது, திறக்க மறுத்தது. சாவியை மூன்று நான்கு முறை முன்னும் பின்னும் அசைத்தால்தான் வளையம் விடுபடும். திருப்பி அனுப்ப விண்ணப்பித்தபோது, குறையைக் காட்டும் புகைப்படம் வேண்டுமென்றனர். எடுத்தனுப்பினாள். படத்தில் குறை ஏதும் காணப்படவில்லை என்று மறுமொழி வந்தது. எவ்வாறு காணப்படும்? பூட்டைப் படம் எடுத்தால் பூட்டுத்தான் தெரியும். பின்னர்ச் சாவி சிக்குவதைக் காணொளியாக எடுத்தாள். அதற்குள் திருப்பி அனுப்பும் கெடு கடந்துவிட்டது.

விடுமுறைக்கு வந்தபோது அப்பூட்டையும் கொண்டுவந்தாள். நாகல் நகரில் பூட்டுத் தொழிலாளர் ஒருவரிடம் காட்டினோம். அவர் அதைக் காதருகே வைத்துச் சாவியை ஒருமுறை திருகிப் பார்த்தார். உள்ளே லீவர் ஒன்று சரியாக அராவப்படவில்லை என்றார். இது நம் ஊரில் செய்தது அன்று என்றும் சொன்னார். 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் பெயரைத் தாங்கி வேறெங்கோ செய்தவை விற்கப்படுவது தனியொரு வழக்கு. அதனைப் பிறிதொரு மலரில் எழுதுவோம். இங்கு நாம் ஆராய விழைவது, திருப்பி அனுப்பும் பொருளுக்குப் புகைப்படச் சான்று கேட்பது முறையா என்னும் ஒன்றையே.

கடைவீதியில் வாங்கிய பொருளில் குறை கண்டால் அதனையே எடுத்துச் சென்று கடைக்காரர் முன் வைப்போம். அவர் வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார், முகம் சுளிப்பார், இரண்டு சொல் வாதாடுவார், பின் மாற்றித் தருவார், அல்லது மறுப்பார். அங்கே சான்று பொருளேயாகும். இணைய வாணிகத்தில் பொருள் ஓரிடம், தீர்ப்பளிப்போர் ஓரிடம். ஆதலின் பொருளுக்குப் பகரமாகப் படம் சாட்சி சொல்ல வருகின்றது. இதில் தவறு காண்பதற்கில்லை.

விற்போரின் துன்பத்தையும் நாம் நேரில் அறிவோம். சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைகளை இணையவழி விற்கும் அம்மையார் ஒருவர் எமக்கு அறிமுகமானவர். திருமணத்திற்கு உடுத்திய சேலையைச் சந்தனக் கறையோடும் பந்தி மணத்தோடும் ‘நிறம் பிடிக்கவில்லை’ என்று திருப்பி அனுப்பினார் ஒருவர். வேறொருவர் புதிய சேலையை வைத்துக்கொண்டு, சாயம் வெளுத்த பழைய சேலையை அதே உறையில் இட்டு அனுப்பினார். போகும் கூலியும் திரும்பும் கூலியும் அம்மையார் தலையிலேயே விழுந்தன. பெரிய நிறுவனத்திற்கு இஃது ஒரு கணக்குப் பிழை. நான்கு தறிக்காரர்களுக்குக் கூலி கொடுப்பவருக்கோ ஒரு வாரத்து வருவாய். இவர் படம் கேட்டால் அதனை அடாவடி என்று யார் சொல்ல இயலும்?

எனினும், படம் எல்லாக் குறைக்கும் சாட்சியாகாது. கிழிசலைக் காட்டும்; உடைசலைக் காட்டும்; அளவு மாறி வந்த செருப்பைக் காட்டும். நிறத்தைக் கேட்டால் தடுமாறும். கைப்பேசியின் ஒளிப்பொறி வெளிச்சத்திற்கேற்பத் தானே நிறத்தைத் திருத்திக்கொள்ளும் இயல்புடையது. குழல்விளக்கின் கீழ் எடுத்த அரக்குச் சேலையும் முற்றத்து வெயிலில் எடுத்த அதே சேலையும் இருவேறு சேலைகளாகத் தோன்றும். தோலின் நாற்றத்தையும், துணியின் சொரசொரப்பையும், பூட்டின் பிடிவாதத்தையும் எந்தப் படம் உரைக்கும்? இன்றோ நிலைமை இன்னும் மோசம். இல்லாத விரிசலைக் கண்ணாடிக் குவளையில் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பள்ளி மாணவர் கையிலும் உள்ளன. படம் பொய் சொல்லாது என்றிருந்த காலம் போயிற்று.

நம் அண்டை மாநிலத்தில், ஆலுவாவில், 2021 அக்டோபரில் ஒருவர் எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள கைப்பேசியை இணையத்தில் வாங்கினார். பொதி கொணர்ந்தவர் முன்னிலையிலேயே காணொளி எடுத்தவாறு அதைப் பிரித்தார். உள்ளே பாத்திரம் துலக்கும் சோப்புக் கட்டியும் ஐந்து ரூபாய் நாணயமும் இருந்தன. காணொளி இருந்தமையால் புகார் நின்றது, பணமும் மீண்டது. மறு ஆண்டு செப்டம்பரில், அகமதாபாத் மேலாண்மைக் கழகத்தில் பயின்ற ஒருவர் தம் தந்தைக்கென வரவழைத்த மடிக்கணினிக்குப் பதில் சலவை சோப்பு வந்தது. பொதியைப் பிரித்துப் பார்த்த பின்னரே கடவுஎண்ணைச் சொல்ல வேண்டும் என்னும் முறை அந்த முதியவருக்குத் தெரியாது, பெற்றவுடன் சொல்லிவிட்டார். வீட்டுக் கண்காணிப்புப் படப்பொறியின் பதிவு இருந்தும் முதலில் மறுப்பே விடையாக வந்தது. மகன் அதனைப் பலரறிய எழுதிய பிறகே பணம் வந்தது. எழுதவல்ல மகனில்லாத தந்தையர் வேடசந்தூரிலும் வத்தலக்குண்டிலும் எத்தனையோ பேர்.

ஆக, சான்று கேட்பதில் குற்றமில்லை. ஒரு கையிடம் மட்டும் கேட்பதே குற்றம் என்பது நம் கருத்து. இது புதிய கருத்துமன்று. மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பும் உரிமையை இஸ்லாமியச் சட்ட நூல்கள் ‘கியாருல் ஐப்’ என வழங்குவதை நம் பெரியோர் அறிவர். வழக்குரைப்பவர் சான்று காட்ட வேண்டும் என்னும் அச்சட்டம், மறுப்பவரைச் சும்மா விட்டுவிடுவதில்லை. அவர் சத்தியம் செய்தாக வேண்டும். வள்ளுவரும் வாணிகம் பற்றிய குறளைப் பொருட்பாலில் வைக்கவில்லை. அறத்துப்பாலில், நடுவு நிலைமை அதிகாரத்தில் வைத்தார். இருபுறமும் ஒப்ப நோக்கும் அந்தத் துலாக்கோலை இணைய அங்காடி மட்டும் கைவிடலாமா?

வாங்குபவர் பிரிக்கும்போது படம் எடுக்க வேண்டுமானால், விற்பவர் கட்டும்போது படம் எடுத்து வைத்திருக்க வேண்டும். பொதியின் எடை கூரியர்க்காரரிடம் பதிவாகின்றது. கைப்பேசிக்குப் பதில் கல் வந்ததா என்பதற்கு அந்த எடையே இருவர்க்கும் பொதுவான சாட்சி. இயங்கும் பொருளாயின் காணொளியை முதலிலேயே கேட்க வேண்டும். படத்தைக் கேட்டுவிட்டுப் படத்தில் தெரியவில்லை என்பது வீம்பு. குறையைத் தெரிவித்த நாளிலேயே கெடு நின்றுவிட வேண்டும். சான்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு நாளைக் கழிக்கலாகாது. படம் எடுக்கத் தெரியாத முதியோரிடம் ஆளனுப்பி வாசலிலேயே பொருளைப் பார்த்துப் பெற வேண்டும்.

சட்டமும் வாங்குவோர்க்கு முற்றிலும் துணையற்றதன்று. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் கூறிய தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பவர் மறுத்தல் கூடாது. திருப்பும் முறையை வாங்குவோர்க்குத் தெளிவாகத் தெரியும்படி அங்காடி காட்ட வேண்டும். அங்காடியின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகார் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்வு காண வேண்டும். இதற்கும் மசியாவிடில் 1915 என்னும் நுகர்வோர் உதவி எண் உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வாங்குபவர் வாழும் ஊரிலேயே வழக்கிட இடம் தந்திருப்பது பெரிய வசதி. நிறுவனம் எங்கிருப்பினும், திண்டுக்கல்லார் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். ஐந்து இலட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. எம் மகள் இவற்றில் எதையும் செய்யவில்லை. பூட்டு முந்நூற்றுச் சொச்சம் ரூபாய்தானே என்று விட்டுவிட்டாள். இத்தகைய முந்நூறுகளை யாரும் கேட்கமாட்டார்கள் என்னும் துணிவில்தான் அந்த மறுமொழிகள் எழுதப்படுகின்றன என்று நாம் ஐயுறுகின்றோம்.

சின்னாளபட்டி அம்மையார் இப்போது ஒரு வழி கண்டுள்ளார். ஒவ்வொரு சேலையையும் முற்றத்து வெளிச்சத்தில் விரித்து, முந்தி முதல் உள்முனை வரை காட்டி, மடித்து, உறையிட்டு ஒட்டும் வரை மருமகளைக் கொண்டு காணொளி எடுத்து, வாங்குபவருக்கே அனுப்பிவிடுகின்றார். உறையின் மேல் தமிழில் ஒரு துண்டுச் சீட்டும் ஒட்டுகின்றார்: பிரிக்கும்போது தாங்களும் படம் எடுத்து வையுங்கள், இயலாதாயின் அன்றைக்கே தொலைபேசியில் சொல்லுங்கள் என்று. திருப்பி வரும் சேலைகள் நின்றுவிடவில்லையாம். சண்டை மட்டும் குறைந்திருக்கிறதாம்.