தடுக்கும் என்று சொல்லச் சான்று வேண்டும்

பார்க்கின்சன் நோயை வரவிடாமல் தடுக்கும் என்று உறுதியாக நிரூபிக்கப்பட்ட உணவோ பழக்கமோ இன்றுவரை இல்லை. காபி குடிப்பவர்களிடமும் உடற்பயிற்சி செய்பவர்களிடமும் இந்நோய் குறைவாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. குறைவாகக் காணப்படுவதைத் தடுப்பாற்றல் என்று பறைசாற்றுவது தவறு.

சிக்கல் நோயின் போக்கிலேயே இருக்கிறது. டோபமைன் சுரக்கும் மூளை நரம்பணுக்கள் பெருமளவு அழிந்த பிறகே கைநடுக்கமும் தசை இறுக்கமும் வெளிப்படுகின்றன. மலச்சிக்கல், மோப்பத்திறன் இழப்பு, மனச்சோர்வு ஆகியவை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடலாம். அக்காலத்தில் ஒருவர் நடப்பதைக் குறைத்திருந்தால், நடக்காததால் நோய் வந்ததா, நோய் தொடங்கியதால் நடை குறைந்ததா என்பதைப் பழக்கங்களைக் கேட்டுப் பதிவுசெய்யும் ஆய்வுகளால் எளிதில் பிரித்தறிய முடியாது.

ஹவாயில் 8,004 ஜப்பானிய அமெரிக்க ஆண்களைச் சுமார் 30 ஆண்டுகள் கண்காணித்த ஆய்வு 2000-இல் வெளியானது. மிக அதிகமாகக் காபி குடித்தவர்களைவிடக் குடிக்காதவர்களிடம் நோய் ஏறத்தாழ ஐந்து மடங்கு இருந்தது. ஆனால் நோயாளிகளுக்குக் காஃபீன் கொடுத்துச் சோதித்து 2017-இல் வெளியிட்ட முடிவில் உடலியக்கம் மேம்படவில்லை. புகைப்பவர்களிடமும் இந்நோய் குறைவு. நிகோட்டின் பட்டை ஒட்டிய சோதனையோ நோயின் வேகத்தைக் குறைக்கவில்லை. வைட்டமின் ஈ, 800 பேரிடம் நடந்த சோதனையில் 1993-லேயே தோற்றது. இந்தச் சோதனைகளெல்லாம் நோய் வந்தவர்களிடம் நடந்தவை. வருமுன் காக்கும் வாய்ப்பை இவை முற்றிலும் மறுக்கவில்லை. ஆயினும், புள்ளிவிவரத் தொடர்பை மட்டும் நம்பிப் பரிந்துரைக்கக் கூடாது என்பதை உணர்த்துகின்றன.

உடற்பயிற்சிக்குச் சற்று வலுவான ஆதரவு உண்டு. புதிதாக நோய் கண்டறியப்பட்ட 128 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான அமெரிக்கச் சோதனையில், தீவிரமான டிரெட்மில் பயிற்சி பெற்றவர்களின் இயக்கக் குறைபாடு ஆறு மாதங்களில் அவ்வளவாக மோசமாகவில்லை. அதுவும் நோய் வந்த பின் கிடைத்த பலனே. இதயத்துக்கும் எலும்புக்கும் நல்லது என்பதே நடப்பதற்குப் போதுமான காரணம்.

மிகைப்படுத்தலின் சுமை நோயாளிமேல் விழுகிறது. ஒழுங்காக வாழ்ந்திருந்தால் தப்பியிருக்கலாம் என்ற குற்ற உணர்வு அவரை வாட்டுகிறது; பலன் உறுதிப்படாத சத்து மாத்திரைகளுக்குப் பணம் கரைகிறது. பாரகுவாட் களைக்கொல்லி, டிரைகுளோரோஎத்திலீன் கரைப்பான் போன்ற நச்சுகளோடு நோய்க்குள்ள தொடர்பை ஆராய்ந்து கட்டுப்படுத்த வேண்டிய அரசுகளின் பொறுப்பும் தனிமனிதப் பழக்கம் பற்றிய பேச்சில் மறைந்துபோகிறது.

நோய் தொடங்கும் முன்பே ஆட்களைச் சேர்த்து ஒப்பீட்டுச் சோதனை நடத்தி நிரூபிக்கும்வரை, 'தடுக்கும்' என்ற சொல்லை ஆய்வாளர்களும் மருத்துவர்களும் ஊடகங்களும் தவிர்க்க வேண்டும்.