வாலிபனுக்கு வயது 56

1973-இல் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ திரைக்கு வந்தபோது எம்.ஜி.ஆருக்கு வயது 56. வாலிபன் என்று தலைப்பிலேயே போட்டுக்கொள்ள யாரும் கூசவில்லை. கொட்டகை நிறைந்ததே தவிர, பிறப்புச் சான்றிதழை எவரும் கேட்கவில்லை. 2016-இல் நம் மலேசியக் கதையைச் சொல்லி வந்த ‘கபாலி’யில் ரஜினிக்கு 65, அவர் மனைவியாக நடித்த ராதிகா ஆப்தேவுக்கு 30. இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கலைத்துறைக்கு வயதானவர்கள் ஆகாது என்ற பேச்சு பாதிப் பொய் என்று புரிந்துவிடும். ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்துவிட்ட ஆணின் வயது அங்கே ஒரு பொருட்டே இல்லை. பெண்ணின் வயதும், புதிதாக வாசலில் வந்து நிற்பவரின் வயதும்தான் கண்ணில் குத்துகின்றன.

ஜொகூரில் இருப்பவர்கள் இதைப் பேச வேண்டியதற்குக் காரணம் உண்டு. நெட்பிளிக்ஸின் ‘மார்க்கோ போலோ’ தொடரைப் படம்பிடித்த பெரிய ஸ்டூடியோ இருப்பது நம் இஸ்கண்டார் புத்ரியில். அதே ஜொகூரில்தான் மாசாயிலிருந்தும் ஸ்கூடாயிலிருந்தும் விடியுமுன் மோட்டாரை எடுத்துக்கொண்டு பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நாடகம் போட்டு வளர்ந்த தலைமுறைக்கு இப்போது நாற்பத்தைந்து, ஐம்பது. பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், வீட்டுக்கடனும் முடியப்போகிறது. இனி ஆசைப்பட்டதைச் செய்யலாம் என்று நிமிரும்போது, நடிகர் தேர்வு அறிவிப்பில் ‘18 முதல் 30 வயது, நல்ல தோற்றம்’ என்றிருக்கிறது. நல்ல தோற்றம் என்றால் என்ன என்று எந்த அறிவிப்பும் விளக்குவதில்லை. விளக்க வேண்டிய அவசியமும் இல்லை, எல்லாருக்கும் தெரியும்.

பணம் போடுகிறவர் என்ன செய்வார், பார்ப்பவர்கள் இளமையைத்தானே கேட்கிறார்கள் என்பார்கள். ஈப்போவில் பிறந்த மிஷெல் யோ இதற்கு நல்ல பதில். 2023-இல் அவருக்கு ஆஸ்கார் வாங்கித் தந்த படத்தின் நாயகி, வரிக்கணக்கோடு மல்லுக்கட்டும் நடுத்தர வயது சலவைக்கடைக்காரி. வாங்கும்போது யோவுக்கு 60. அந்தப் பாத்திரத்தை முதலில் ஜாக்கி சானை மனத்தில் வைத்துத்தான் எழுதினார்களாம். பெண்ணாக மாற்றியதால் படம் படுத்துவிடவில்லை. உலகெங்கும் பத்துக் கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதில் கணவராக நடித்த கே ஹுய் குவான், வாய்ப்பில்லாமல் நடிப்பையே விட்டு ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்துத் திரும்பியவர். அவருக்கும் அந்த ஆண்டே ஆஸ்கார். ஆகவே மறுப்பது பார்வையாளர் அல்ல. அவர் சார்பில் முன்கூட்டியே முடிவெடுத்துவிடும் நாலைந்து பேர்தான் மறுக்கிறார்கள்.

யோ எண்பதுகளிலேயே நட்சத்திரமாகிவிட்டவர்தானே, அவரைக் காட்டி ஸ்கூடாய் குமாஸ்தாவை உசுப்பிவிடலாமா என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. ‘கடைசி விவசாயி’ படத்தில் நடித்த நல்லாண்டியைப் பாருங்கள். மதுரைப் பக்கத்து விவசாயி, நடிகரே அல்ல. படத்தில் மயிலைக் கொன்றதாக வழக்குப் போட்டு நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்கும்போதும், பயிர் காய்ந்துவிடுமே என்ற ஒரே கவலையில் நிற்கிற அந்த முகத்தை எந்த ஒப்பனையும் கொண்டுவராது. தேசிய விருதுக் குழு அவருக்குச் சிறப்புக் குறிப்பு கொடுத்தபோது அவர் உயிரோடு இல்லை. கேரளத்தின் அட்டப்பாடிப் பழங்குடியினரான நஞ்சியம்மா அறுபதைக் கடந்து சிறந்த பாடகிக்கான தேசிய விருது பெற்றார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்கள் யாரும் வாய்ப்புத் தேடிப் போகவில்லை, இயக்குநர்கள் தேடி வந்தார்கள். அதுவும் மண்மணம் வீசும் முதியவர்களாகத்தான் வேண்டும் என்று தேடி வந்தார்கள். நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு அந்த வழியும் இல்லை. காதலிக்க வயது கடந்துவிட்டது, கிராமத்துப் பாட்டியாக வயது போதாது. அந்த வயதுக்கென்று கதை எழுதப்படுவதே அபூர்வம் என்பதுதான் உண்மையான தடை. முகச்சுருக்கம் இரண்டாம்பட்சம்.

அதனால் அந்தக் கதைகளை அந்த வயதுக்காரர்களே எழுதட்டும் என்பது என் கட்சி. குறும்படத்துக்குக் கைப்பேசி போதும். வானொலி நாடகத்துக்கும் குரல் கொடுப்பதற்கும் முகமே வேண்டாம். குடும்பம் என்னாவது என்பவர்களின் கவலையை நான் தள்ளமாட்டேன். ஊழியர் சேமநிதியில் ஐம்பது வயதில் ஒரு பகுதியை எடுக்கலாம் என்பது, அதைக் கொண்டுபோய்ப் படம் எடுங்கள் என்பதற்கான அனுமதி அல்ல. வாய்ப்புத் தருகிறேன், முதலில் போட்டோ ஷூட்டுக்குப் பணம் கட்டுங்கள் என்பவரிடம் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். வேலையை விடாமல், சனி ஞாயிறுகளில் தொடங்குவதில் எந்தக் குறைவும் இல்லை.

நம்மூர்த் தயாரிப்பாளர்களிடம் கேட்பதும் ஒன்றுதான். அடுத்த அறிவிப்பில் அந்த வயது வரியை எடுத்துவிட்டு, வருகிறவரை ஐந்து நிமிடம் நடிக்கச் சொல்லிப் பாருங்கள்.