ஆனி கடைசியில் வந்த ஆச்சி!

போன வாரம் மெஸ் சாம்பாரைப் பத்தி எழுதினதுக்கு மாஸ்டர் முறைச்ச முறைப்பு இன்னும் கண்ணுல நிக்குது. அதனால இந்த வாரம் சாப்பாட்டை விட்டுட்டு ரூமுக்கு வருவோம்.

நாங்க நாலு பேர் அரியக்குடியில வீடு எடுத்துத் தங்கிப் படிக்கிறோம். (அரியக்குடியில இருந்தாலும் அரியர் இல்லாம இருக்கணும்கிறது எங்க வீட்டுச் சட்டம். ஒருத்தன் மட்டும் மீறிட்டான்.) காரைக்குடிக்குள்ள வாடகை கையைக் கடிச்சதால, தென் திருப்பதின்னு பேர் வாங்கின இந்த ஊருக்கு வந்து சேர்ந்தோம். வாடகை மாசம் 6,000. ஆளுக்கு 1,500.

வீட்டுக்கார ஆச்சி தங்கமானவங்க. வீட்ல விசேஷம்னா வெள்ளைப் பணியாரம் எங்களுக்கும் வரும். ஆனா ஆனி முடிய நாலு நாள் இருக்கும்போது பணியாரம் இல்லாம வந்தாங்க. ''தம்பிகளா, அடுத்த மாசத்துல இருந்து ஆயிரம் சேர்த்துக் குடுத்துருங்கப்பா!''

வேற வீடு பார்க்கலாம்னு புரோக்கர் அண்ணனுக்கு போன் போட்டோம். ''ஆடியில எவன்டா பால் காய்ச்சுவான்? ஆவணியில வா''ன்னு வெச்சுட்டார். அப்பதான் பொறி தட்டுச்சு. இதுக்கு முன்னாடி ஏத்தினது எப்போ? கார்த்திகை கடைசியில! அடுத்து மார்கழி. அப்பவும் யாரும் வீடு மாத்த மாட்டாங்க. போதாக்குறைக்கு செமஸ்டர் எக்ஸாம் வேற. ரெண்டு புள்ளி கிடைச்சா நேர்கோடு போடறதுதானே நம்ம புத்தி? எவ்வளவு ஏத்தறாங்கங்கிறதை விட, எப்போ ஏத்தறாங்கங்கிறதுலதான் பாஸ் சூட்சுமம் இருக்கு. நம்மால நகர முடியாத நாளாப் பார்த்து வருது.

'ஆளுக்கு 250 தானே'ன்னு நினைப்பீங்க. எங்கள்ல ஒருத்தனோட அப்பா சின்னதா தையல் கடை வெச்சிருக்கார். அவனுக்கு 250 ரூபாய்ங்கிறது ஒரு வாரத்து ராத்திரி டிபன். அந்த வாரம் பூரா 'பசிக்கல மச்சி'ன்னு படுத்துட்டான். பசிச்சதுன்னு எங்களுக்குத் தெரியும். நாங்க தெரிஞ்ச மாதிரி காட்டிக்கல.

சரி, சட்டம் என்ன சொல்லுதுன்னு தேடினேன். இது பழைய கதை. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல, 1941-லயே மதராஸ்ல வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்துடுச்சு. அப்புறம் 1960-ல ஒரு சட்டம். அதுல 'நியாய வாடகை'ன்னு ஒண்ணு உண்டு. மனையும் கட்டடமும் என்ன மதிப்புன்னு கணக்குப் போட்டு, குடியிருப்புன்னா வருஷத்துக்கு 9 சதவீதம், கடைன்னா 12 சதவீதம்னு பின்னாடி திருத்தினாங்க. ஒரு தடவை நிர்ணயம் ஆயிட்டா லேசுல ஏத்த முடியாது. அப்போ ஓனர் என்ன பண்ணுவார்? ஆளை மாத்துவார்! 'பையனுக்குக் கல்யாணம், வீடு எங்களுக்கே வேணும்'னு காலி பண்ணச் சொல்லிட்டு, புது ஆளுக்குப் புது ரேட். அதே சட்டம் அட்வான்ஸ் ஒரு மாச வாடகைக்கு மேல கூடாதுன்னுச்சு. சென்னையில பத்து மாசம் கேட்டு வாங்கினாங்க. சட்டம் ஒரு ரூட், ஊர் ஒரு ரூட்!

நமக்கெல்லாம் தெரிஞ்ச 11 மாச அக்ரிமென்ட் இருக்கே, அதுவும் தேதி விளையாட்டுதான். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைன்னா பதிவு செய்யணும்னு 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டம் சொல்லுது. அதுக்கு டிமிக்கி குடுக்க வந்ததுதான் இந்தப் 11. பன்னண்டாவது மாசம் வாடகை ஏத்த வசதியாவும் ஆயிடுச்சு.

இப்போ 1960 சட்டமே இல்ல. 2017-ல போட்ட புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22-ல இருந்து நடைமுறையில இருக்கு. எழுத்துல ஒப்பந்தம் போடணும், வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும். 11 மாசம்னு சொல்லித் தப்பிக்க முடியாது. நியாய வாடகைக் கணக்கெல்லாம் போயே போச்சு. ஒப்பந்தத்துல எழுதினபடிதான் வாடகையை மாத்தலாம். அதாவது, ஏத்தற தேதியை நீங்களே கேட்டு எழுதி வாங்கலைன்னா கோவிந்தா!

பெர்லின்ல நடந்தது இன்னும் சூப்பர். 2020 பிப்ரவரியில வாடகைக்கு உச்சவரம்பு போட்டாங்க. சில ஓனர்கள் ஒப்பந்தத்துல ரெண்டு வாடகை எழுதினாங்க. சட்டம் இருக்கிற வரைக்கும் ஒண்ணு, சட்டம் செத்துட்டா இன்னொண்ணு. இதுக்கு 'நிழல் வாடகை'ன்னே பேர். 2021 ஏப்ரல்ல அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாதுன்னுடுச்சு. நிழல் நிஜமாயிடுச்சு! நம்ம ஆச்சி எவ்வளவோ பரவாயில்ல.

இன்னொரு விஷயம். 2017 சட்டம் நகர்ப்புறத்துக்குத்தான். காரைக்குடி 2024-ல மாநகராட்சி ஆயாச்சு. இந்த மாதிரி நகரத்து ஓரத்துல தங்கியிருக்கிறவங்க, வீட்டு வரி ரசீதுல ஊராட்சின்னு இருக்கா, மாநகராட்சின்னு இருக்கான்னு முதல்ல பாருங்க. அதுக்கப்புறம் சட்டம் பேசுங்க.

நான் சட்டம் பேசல. பேசற தைரியமும் இல்ல. நாலு பேரும் குளிச்சு, திருநீறு பூசி, ஆச்சி வீட்டுத் திண்ணையில போய் உட்கார்ந்தோம். ''ஏன் ஆச்சி எப்பவும் ஆனியிலயே கேட்கறீங்க?''ன்னேன்.

ஆச்சி மறைக்கவே இல்ல. ''முன்னாடியே கேட்டா நீங்க காலி பண்ணிட்டுப் போயிருவீக. ஓடு மாத்தணும், மழைக்கு முன்னாடி. இந்த வாடகையை விட்டா எனக்கு வேற என்ன வருது தம்பி?''

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா அரியர் பார்ட்டி வாயைத் திறந்தான். ''ஆச்சி, நாங்க இப்பவே போயிட்டா மட்டும் ஆடியில வேற ஆளு வருவாங்களா?''

ஆச்சி கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாங்க. அப்புறம் சிரிச்சுட்டாங்க. எங்களுக்கு ஆடியில வீடு கிடைக்காதுன்னா, அவங்களுக்கும் ஆடியில ஆளு கிடைக்காது! இந்தக் கணக்கு எனக்கு ஏன் தோணல? (அரியர் வெச்சவனுக்குத்தான் கணக்கு வருது போல.)

பேசிப் பேசி ஆயிரம் ஐநூறாச்சு. அதுவும் ஆடியில இல்ல, அடுத்த வைகாசியில இருந்து. லீவு நேரம், எக்ஸாம் கிடையாது, பிடிக்கலைன்னா வேற வீடு பார்க்க நாள் இருக்கும். இனிமே வருஷத்துக்கு ஒரு தடவைதான், அதுவும் வைகாசியிலதான்னு எழுதிட்டோம். டைலர் மகன் அன்னிக்கு நைட் ஆறு பரோட்டா சாப்பிட்டான். பில் நான் குடுத்தேன்.

கையெழுத்துப் போடறப்போ ஆச்சி கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு ஒரு கேள்வி கேட்டாங்க. ''நாலு வருசத்துல எல்லாரும் படிச்சு முடிச்சுருவீகளா, இல்ல இந்தத் தம்பிக்கு மட்டும் அஞ்சாவது வருசத்து வாடகையையும் இப்பவே எழுதிக்கவா?''