ஆட்டத்தின் நடுவர்

பண்டிதர் ஒருவர் விளையாட்டைப் பற்றி எழுதப் புகுவதா என்று புருவம் நெரிக்கும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள்க. நான் சொல்ல வந்தது மேசையைச் சுற்றியிருந்து வாயாற் கதைசொல்லி ஆடும் ஒருவகை ஆட்டத்தைப் பற்றி. நாலைந்து பேர் கூடுகின்றனர். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தைப் புனைந்து, அப்பாத்திரமாகவே நின்று பேசுகின்றனர். ஒருவர் மாத்திரம் அவர்கள் நடமாடும் உலகத்தைச் சொல்லுகின்றார். கதவைத் திறந்தால் உள்ளே என்ன உண்டு, காவலன் என்ன மறுமொழி கூறுவான், வீசிய வாள் பட்டதா தப்பியதா என்பனவெல்லாம் அவர் வாயிலாகவே தெரியவரும். ஐயம் நேர்ந்தவிடத்துத் தாயக்கட்டை உருளும். அவரைக் 'கேம் மாஸ்டர்' என்கின்றனர். அவரிடம் எதனை எதிர்பார்க்கலாம், எதனை எதிர்பார்க்கலாகாது என்பதே என் விசாரம்.

இவர் பிறந்தது படைவீட்டிலே. 1824 இல் றைஸ்விற்ஸ் என்னும் பிரசிய இளம் படையதிகாரி, போர்ப் பயிற்சிக்கென ஓர் ஆட்டத்தின் விதிகளை வெளியிட்டார். நிலப்படத்தின்மீது சிறு கட்டைகள் படைகளாக நின்றன. இருபக்கத்தாரும் தத்தம் கட்டளைகளை எழுதி நடுவரிடம் கொடுப்பர். நடுவரே கட்டைகளை நகர்த்துவார். தாயமுருட்டி இழப்பைக் கணிப்பார். ஒரு தலைவன் கண்ணுக்கு எது தென்படுமோ அதனை மாத்திரம் அவனுக்குக் காட்டுவார். விதிகளின் பாரத்தால் ஆட்டம் தளர்வது கண்டு, 1876 இல் வெர்டி டு வேர்ணுவா என்னும் மற்றொரு பிரசிய அதிகாரி, பட்டியலும் வேண்டா, தாயமும் வேண்டா, அநுபவமுடைய நடுவரின் தீர்ப்பே அமையும் என்றார். விதியா, நடுவரா என்ற வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை.

அமெரிக்காவிலே கரி கைகக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்னும் இருவர் 1974 இல் 'டஞ்சன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' என்ற ஆட்டத்தை மூன்று சிறு நூல்களாகப் பெட்டியிலிட்டு வெளியிட்டனர். முதலில் அச்சானவை 1000 பெட்டிகளே. அந்நூல்களில் ஆட்டம் நடாத்துவோருக்கு வழங்கிய பெயர் 'றெபரி', அஃதாவது நடுவர். 'மாஸ்டர்' பின்னர் வந்த சொல். 1979 இல் கைகக்ஸ் நடாத்துவோருக்கெனத் தனிநூல் ஒன்று எழுதினார். அதிலே, தாயம் காட்டும் முடிவைத் தள்ளிவிடும் உரிமையும் அவருக்குக் கொடுக்கப்பட்டது. பெயரோடு அதிகாரமும் ஏறிற்று என்று எனக்குத் தோன்றுகின்றது.

பாரமும் ஏறிற்று. 2015 முதல் 'கிரிற்றிக்கல் றோல்' என்னும் நிகழ்ச்சியிலே, தொழில்முறைக் குரல் நடிகர்கள் இவ்வாட்டத்தை ஆட, உலகெங்குமுள்ளோர் இணையத்திற் கண்டு களித்தனர். அதனை நடாத்திய மத்தியூ மேர்சர் பாத்திரத்துக்கொரு குரலெடுத்துப் பேசவல்லவர். அதனைக் கண்டவர்கள், தம் வீட்டு மேசையில் நடாத்தும் எளிய நண்பனும் அவ்வாறே அமையவேண்டும் என எதிர்பார்க்கலாயினர். அவன் புலவனாக வேண்டும்; நடிகனாக வேண்டும்; ஆடுவோருக்குள் பிணக்கு வந்தால் தீர்க்கவும் வேண்டும். ஆடுவோர் கடமை வந்து அமர்வதோடு முடிந்தது போலும்! நடுவரே இல்லாத ஆட்டங்களும் உண்டு. 2009 இல் வந்த 'பியாஸ்கோ' அத்தகையது. அங்கே கதையின் சுமையை எல்லாருமே தாங்குகின்றனர். தாங்க இயலும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நிற்க. சென்ற மாரியில், பல்கலைக்கழகத்திற் படிக்கும் என் தங்கையின் மகன் தன் நண்பர்களைக் கூட்டி எங்கள் விறாந்தையில் இவ்வாட்டத்தை நடாத்தினான். தாயம் உருள்வதைப் பிறர் காணாதவாறு முன்னே ஒரு மட்டையை மடித்து நிறுத்தியிருந்தான். ஓரிரவு ஒரு பெண்பிள்ளையின் பாத்திரம் தனியே ஒரு பாலத்தைக் காத்து நின்றது. மட்டையின் பின்னே தாயம் உருண்டது. அவள் வென்றாள் என்றான், ஆரவாரம் எழுந்தது. உண்மையில் விழுந்த எண் அவள் பாத்திரத்தைக் கொன்றிருக்கும். இரக்கத்தினால் மாற்றிச் சொல்லிவிட்டான். சிலநாட் கழித்து வேடிக்கையாக அவளிடமே அதனைக் கூறினான்.

"அப்ப நான் பாலத்தைக் காத்தது பொய்யோ?" என்றாள்.

பின்பும் அவள் வந்தாள், ஆடினாள். ஆயின் எவ்வாபத்து வந்தபோதும் அவள் முகத்திற் கலக்கமில்லை. கலக்கமில்லாதவிடத்து மகிழ்ச்சி எங்ஙனம் உண்டாகும்?

"அம்மான், நான் செய்தது பிழையோ?" என்று மருமகன் கேட்டான். அவனைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. 28 ஆண்டுகளாகப் பிராசீன பாடசாலையிற் செய்யுளுக்குப் பொருள் கேட்டு வருகின்றேன். "நீர் என்ன நினைக்கின்றீர்?" என்பேன், உரையாசிரியர் முடிபை மடியில் வைத்துக்கொண்டுதான் கேட்பேன். ஒருமுறை ஒரு மாணவர், உரைக்கு மாறாக, ஆனாற் சொற்கிடக்கைக்கு இசைய, ஒரு பொருள் கூறினார். நான் மெல்ல மெல்ல வினாவி அவரை உரையாசிரியரிடமே கொண்டுபோய் நிறுத்தினேன். வகுப்பு என் திறமையை மெச்சிற்று. அவர் அதன்பின் தாமாக ஒரு பொருளும் சொன்னாரல்லர்.

முடிவை முன்னரே கைக்கொண்டவன் வினாவுவது வினாவன்று. ஆட்டம் நடாத்துவோனுக்கும் அஃதே. பாத்திரம் இறந்தால் பலமாதக் கதை பாழாகுமே, நண்பன் மனம் நோகுமே என்று ஒருசாரார் கூறுவர். நியாயமே. அங்ஙனமாயின், உருட்டுமுன்னரே வெளிப்படச் சொல்லிவிடலாம்: "இதில் தோற்றால் சாவில்லை, சிறைதான்" என்று. அவ்வுரிமை நடுவருக்கு உண்டு. உருண்டபின் அவ்வுரிமை அவர் கையை விட்டுப் போய்விடுகின்றது. 2010 இல் வெளிவந்த 'அப்பொகலிப்ஸ் வேள்ட்' என்னும் ஆட்டத்திலே நடாத்துவோர் தாயத்தையே தொடுவதில்லை; உருட்டுவோர் ஆடுவோரே. மறைக்க ஒன்றுமில்லாதபோது மட்டையும் வேண்டியதில்லை. மருமகனுக்கு இதனைச் சொன்னேன். யோசிக்கின்றேன் என்றான்.

குரல் மாற்றிப் பேசத் தெரியாதவன், கதை புனையும் ஆற்றல் குறைந்தவன், இவர்களும் நல்ல நடுவராகலாம். அடுத்து என்ன நிகழும் என்பதை அறியும் ஆவல் ஆடுவோரைப் போலவே அவனுக்கும் இருந்தாற் போதும். ஆகவே 1974 இன் பழஞ்சொல்லையே பற்றி, அவனை 'நடுவர்' என்றே நான் வழங்குகின்றேன். பழைய சொல்லைக் கண்டால் அம்மான் விடமாட்டார் என்று மருமகன் நகைக்கின்றான். நகைக்கட்டும்.