சென்சார் மேல கை வைக்கறதுக்கு முன்னாடி...

நம்ம ஊரு சர்வீஸ் சென்டர்கள்ல ஒரு வழக்கம் இருக்கு. ஸ்கேனரை வண்டியில மாட்டுவாங்க. திரையில "டர்போ பூஸ்ட் சென்சார்"னு ஏதாவது ஒரு வரி வரும். அடுத்த நிமிஷம் "சென்சார் போச்சு சார், மாத்திடலாம்"னு எஸ்டிமேட் கைக்கு வந்துடும். பொட்டியே சொல்லிடுச்சு, அப்புறம் என்ன பேச்சு?

என் கட்சி என்னன்னா, பொட்டி அப்படிச் சொல்லவே இல்லைங்க. அது சொன்னது வேற, நாம வாசிச்சது வேற. அதுவும் ஆயில், ஃபில்டர்னு சாதாரண சர்வீஸ் முடிஞ்ச மறுநாளே அந்த மஞ்ச விளக்கு எரிஞ்சா, சென்சாரைக் கழட்டறதுக்கு முன்னாடி "நேத்து எதையெல்லாம் தொட்டீங்க?"ன்னு கேட்கறதுதான் முறை.

முதல்ல இந்தக் கோடுன்னா என்னன்னு பார்த்துடுவோம். அமெரிக்காவுல 1996 மாடல் கார்கள்ல இருந்து ஓபிடி-2 கட்டாயம். நம்ம நாட்டுல பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு 2013 ஏப்ரல்ல இருந்து. ஸ்டியரிங்குக்குக் கீழ 16 பின் வச்ச ஒரு சாக்கெட் இருக்கும் பாருங்க, அதுதான் வாசல். டர்போ சமாச்சாரத்துக்குன்னே சில எண்கள் ஒதுக்கியிருக்காங்க:

பி0234 - காத்தழுத்தம் தேவைக்கு மேல.
பி0235 - பூஸ்ட் சென்சார் சர்க்யூட்டுல கோளாறு.
பி0236 - சென்சார் சொல்ற அளவு, இருக்க வேண்டிய அளவோட பொருந்தலை.
பி0237 - சிக்னல் ரொம்பக் கம்மி.
பி0238 - சிக்னல் ரொம்ப அதிகம்.
பி0299 - டர்போ போதுமான அழுத்தம் தரலை.

இதுல "சென்சார் செத்துப் போச்சு"ன்னு எங்கயாவது இருக்கா? 0237, 0238 ரெண்டும் வோல்டேஜ் பத்தின புகார். வயர் அறுந்தாலும் வரும், கனெக்டர் சரியா உட்காராட்டியும் வரும், உள்ள தண்ணி போனாலும் வரும், சென்சாரே போனாலும் வரும். 0236 இன்னும் சுவாரஸ்யம். ஈசியூ ஒரு கணக்கு வச்சிருக்கு: இந்த வேகம், இந்த லோடுன்னா இவ்வளவு அழுத்தம் வந்தாகணும். வரலை. உடனே புகார் எழுதிடுது. நடுவுல ஒரு குழாய் கழண்டு காத்து வெளிய போயிட்டிருந்தா, சென்சார் சொல்றது சத்தியம். உண்மையைச் சொன்ன ஒரே ஆளைத்தான் நாம வேலையை விட்டுத் தூக்கறோம்!

அனுமார் வாலுல தீ வச்ச கதைதான் ஞாபகம் வருது. தூது வந்தவனைக் கொல்லக்கூடாதுன்னு சபையில எடுத்துச் சொல்ல அங்க விபீஷணனாவது இருந்தான். சர்வீஸ் சென்டர்ல யாரு இருக்கா? :-)

சரி, சொந்தக் கதை ஒண்ணு. என்னோடது டீசல் வண்டி, செகண்ட் ஹேண்ட். வழக்கமான சர்வீஸ் முடிச்சு வாங்கின மறுநாள் ஜிஎஸ்டி ரோட்டுல ஒரு லாரியை முந்தலாம்னு மிதிக்கறேன், வண்டி இழுக்கவே மாட்டேங்குது. கூடவே மஞ்ச விளக்கு. இன்ஜினைக் காப்பாத்த ஈசியூ தானாவே சக்தியைக் குறைச்சுக்கற நிலை இது. லிம்ப் மோடும்பாங்க, நொண்டி ஓட்டம்னு வச்சுக்கலாம். பக்கத்துல லாரி, பின்னாடி ஆம்னி பஸ், நடுவுல நொண்டி ஓட்டம். அந்த நாலு செகண்ட் இருக்கே... அதனாலதான் சொல்றேன், இது பணம் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லைங்க.

சர்வீஸ் பண்ணின இடத்துலயே காட்டினேன். பி0236. சென்சார், லேபர் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம்னாங்க. யோசிச்சுச் சொல்றேன்னு கிளம்பி, தாம்பரம் பக்கம் எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "சர்வீஸ்ல என்னத்தைத் தம்பி கழட்டினாங்க?"

ஆஹா! ஆபீஸ்ல புது வெர்ஷன் போட்ட அன்னைக்கே சைட் படுத்துடுச்சுன்னா நாங்க கேட்கற முதல் கேள்வியும் இதேதானே? நேத்து வரைக்கும் ஓடின கோடு இன்னைக்கு ஓடலை, நடுவுல என்ன மாறுச்சு? எர்ரர் மெசேஜ்ல எந்த ஃபைல் பேர் இருக்கோ அதை அழிச்சுட்டு புதுசா எழுதறவனை எங்க டீம்ல ஒரு வாரம் வச்சிருக்க மாட்டாங்க.

அண்ணன் அடுத்து செஞ்சது அதைவிட அழகு. சாவியை ஆன் பண்ணச் சொன்னார், ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னார். ஸ்கேனர்ல அழுத்த அளவு 101 கிலோபாஸ்கல். "சென்சார் நல்லாத்தான் இருக்கு போல தம்பி"ன்னார். எப்படின்னு கேக்கறீங்களா? இன்ஜின் ஓடாதப்போ குழாய்க்குள்ள இருக்கறது நம்மைச் சுத்தி இருக்கற அதே காத்துதான். சென்னையில அது 101 பக்கம் இருக்கணும். பெங்களூரு உயரத்துக்கு 91 பக்கம், ஊட்டியில 78 பக்கம். ஊருக்கு ஏத்த எண் வந்தா சென்சாரும் வயரும் பெரும்பாலும் உயிரோட இருக்குன்னு அர்த்தம். சம்பந்தமே இல்லாத எண் வந்தா அப்ப சந்தேகப்படலாம். சல்லிக்காசு செலவில்லாத பரீட்சை!

அப்புறம் டார்ச் அடிச்சுப் பார்த்தார். டர்போவுல இருந்து இன்டர்கூலருக்குப் போற ரப்பர் குழாயோட கிளாம்ப் லூஸ். சுத்தி லேசா எண்ணெய்ப் பிசுபிசுப்பு. ஆயில் ஃபில்டரை எட்டறதுக்கு வசதியா அந்தக் குழாயைக் கழட்டியிருக்காங்க, திரும்ப மாட்டும்போது முழுசா முறுக்கலை. ஒரு ஸ்க்ரூ டிரைவர், பத்து நிமிஷம். கோடை அழிச்சுட்டு ஒரு ரவுண்டு ஓட்டினோம், இழுவை திரும்ப வந்துடுச்சு. அதுக்கப்புறம் அந்த விளக்கு எரியலை.

இப்ப நீங்க கேட்கலாம்: சர்வீஸுக்கு அப்புறம் வந்தா சர்வீஸாலதான் வந்ததுன்னு எப்படிச் சொல்றே? காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதையா இருக்கக் கூடாதா? நியாயமான கேள்வி. இருக்கலாம். சென்சாரும் சாகும், டர்போவும் தேயும், பழைய ரப்பர் குழாய் அன்னைக்குன்னு பார்த்து வெடிக்கும். ஆனா நான் சொல்றது தேடற வரிசையைப் பத்தி. தொட்ட இடத்தைப் பார்க்க ஆகற செலவு பத்து நிமிஷம். சென்சார் மாத்த ஆகற செலவு ஆயிரக்கணக்குல. சல்லிசான சந்தேகத்தை முதல்ல தீர்த்துட்டு, விலை கூடினதுக்கு அப்புறமா போங்கன்னுதான் சொல்றேன்.

தொட்ட இடம்னா எது எது? ஏர் ஃபில்டர் பொட்டியும் அதோட குழாயும். இன்டர்கூலர் குழாய் கிளாம்ப். இன்ஜின் மேல இருக்கற பிளாஸ்டிக் மூடியைப் பிடுங்கும்போது கூடவே வந்துடற சின்ன வேக்குவம் குழாய். பூஸ்ட் சென்சார் கனெக்டர் "டிக்"னு பூட்டியிருக்கா, பூட்டு உடைஞ்சிருக்கா. நம்ம ஊருக்கே உரிய இன்ஜின் வாஷ் வேற: பளபளன்னு இருக்கணும்னு பிரஷர்ல தண்ணி அடிப்பாங்க, அது கனெக்டருக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். கடைசியா ஆயில் அளவு. மேல் கோட்டைத் தாண்டி ஊத்தியிருந்தா பிரீதர் வழியா எண்ணெய் ஏறி சென்சார் மூஞ்சியில படியும். அதுக்கும் மாத்தணும்னு இல்லை, கான்டாக்ட் கிளீனர் அடிச்சுத் துடைச்சாலே பல சமயம் போதும்.

மெக்கானிக் பசங்களைத் திட்டறது என் நோக்கம் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை வண்டி முடிக்கணும்னு மேல இருந்து நெருக்கடி. யோசிக்கறதுக்குப் பில் போட முடியாது, பார்ட்ஸுக்குப் போடலாம். கிளாம்ப் முறுக்கினதுக்கு இவ்வளவுன்னு எழுதினா நாமளே சண்டைக்குப் போவோம், சென்சார் மாத்தினோம்னா வாயை மூடிட்டு கார்டைத் தேய்ப்போம். பத்து நிமிஷம் யோசிச்சுக் கண்டுபிடிக்கறதுக்குக் காசு கொடுக்க நாமளும் தயாரா இருக்கணும். தாம்பரத்து அண்ணன் "டீ வாங்கிக் குடு போதும்"னார், நான் வற்புறுத்தித்தான் பணம் கொடுத்தேன்.

அதனால அடுத்த தடவை இதெல்லாம் கேளுங்க:

1. ஜாப் கார்டுல "ஜெனரல் சர்வீஸ்"னு ஒரே வரியில முடிக்காம, எதையெல்லாம் கழட்டி மாட்டினாங்கன்னு எழுதச் சொல்லுங்க. எங்க தொழில்ல அது இல்லாம ஒரு வரி கூட சர்வருக்குப் போகாது.

2. விளக்கு எரிஞ்சா, கோடை அழிக்கறதுக்கு முன்னாடி ஃப்ரீஸ் ஃப்ரேமைப் படிக்கச் சொல்லுங்க. புகார் வந்த நொடியில வேகம், ஆர்பிஎம், லோடு எவ்வளவுன்னு ஈசியூ எடுத்து வச்சிருக்கற போட்டோ அது. அழிச்சா அதுவும் சேர்ந்து போயிடும். தடயத்தைத் துடைச்சுட்டுத் துப்பறிய முடியாது.

3. சாவி ஆன், இன்ஜின் ஆஃப், அழுத்தம் எவ்வளவுன்னு கேளுங்க. இதைக் கேட்டாலே அட்வைசர் உங்களைப் பார்க்கற பார்வை மாறிடும்.

4. கடைசியில சென்சாரை மாத்தித்தான் ஆகணும்னா, பழசைக் கையில வாங்கிக்குங்க.

கோடு படிக்க இன்னைக்கு பொட்டிக்கடை விலைக்கு புளூடூத் கருவி கிடைக்குது, மொபைல்லயே பார்த்துடலாம். படிக்கறது சுலபமாயிடுச்சு. "எதைத் தொட்டீங்க?"ன்னு கேட்கறதுதான் இன்னும் மனுஷன் வேலையா இருக்கு.

டிஸ்கி: இன்ஜின் சூடா இருக்கும்போது டர்போ பக்கம் கையை விடாதீங்க மக்களே, தோசைக்கல்லை விட மோசம். விளக்கு விட்டுவிட்டு மின்னினாலோ, வண்டி கரும்புகை கக்கினாலோ, இதையெல்லாம் படிச்சுட்டு நிக்காம ஓரமா நிறுத்திட்டு ஆளைக் கூப்பிடுங்க.