இந்தத் தாய்மார்களைத் தனித்து விடலாமா?



உங்கள் மஹல்லாவில் திருமணத்திற்குக் காத்திருக்கும் குமருகள் எத்தனை பேர் என்று ஜமாஅத் நிர்வாகிகளைக் கேளுங்கள். சொல்லிவிடுவார்கள். விதவைகள் எத்தனை பேர் என்றாலும் கணக்கு இருக்கும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டுக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறார்கள்!

பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத பிள்ளை, விரல் நீட்டி எதையும் காட்டாத பிள்ளை, பேசிய ஒன்றிரண்டு சொற்களையும் இழந்துவிட்ட பிள்ளை, குக்கர் சத்தத்திற்கே காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளை... இவையெல்லாம் ஆட்டிசத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். இரண்டு வயதுக்குள்ளாகவே பல பிள்ளைகளிடம் இவற்றைக் கண்டுகொள்ள முடியும். இது மூளை வளர்ச்சியில் ஏற்படும் வேறுபாடு. ஜின் கோளாறு அல்ல, கண்ணேறும் அல்ல, எவருடைய சாபமும் அல்ல.

ஆனால் நடப்பது என்ன? முதலில் தாயத்து. பிறகு தர்ஹாவில் நாற்பது நாள் தங்கல். அதற்கும் பிறகு, 'முற்றிலும் குணமாக்குகிறோம்' என்று விளம்பரம் செய்வோரிடம் நகையை விற்றுக் கொட்டுவது. பேச்சுப் பயிற்சிக்குப் பயன்பட்டிருக்க வேண்டிய பொன்னான ஆண்டுகள் இதிலேயே கரைந்துவிடுகின்றன. போதாக்குறைக்கு, 'வளர்ப்பு சரியில்லை' என்ற பழிச்சொல் வேறு தாயின் தலையில்!

இந்தப் பழி நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 1943ல் அமெரிக்க மருத்துவர் லியோ கானர் ஆட்டிசத்தை விவரித்து எழுதினார். அதன்பின் பல்லாண்டுக் காலம், தாயின் பாசக் குறைவே இதற்குக் காரணம் என்று படித்த மேதைகளே சொல்லி வந்தார்கள். அதை 1964ல் தம் நூலின் மூலம் தகர்த்தவர் பெர்னார்ட் ரிம்லண்ட். அவரே இத்தகைய ஒரு பிள்ளையின் தந்தை! மறு ஆண்டே மற்ற பெற்றோர்களுடன் சேர்ந்து தேசிய அளவில் சங்கம் கண்டார். இங்கிலாந்திலோ 1962லேயே பெற்றோர்கள் சங்கமாகிவிட்டார்கள். நம் நாட்டில் 1991ல் டெல்லியில் 'ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கிய மெர்ரி பருவாவும் ஒரு தாய்தான்.

1995ல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல்லே இல்லை. சட்டத்தின் பார்வையில் இந்தப் பிள்ளைகள் இல்லாதவர்கள்! பெற்றோர்கள் ஓயவில்லை. 1999ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. 2016ம் ஆண்டுச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களில் ஆட்டிசத்தையும் சேர்த்தது. தட்டியவர்களுக்குத்தான் கதவு திறந்தது.

இன்று என்ன உரிமைகள் இருக்கின்றன? மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் பரிசோதனையும் பயிற்சியும் உண்டு. நாற்பது சதவீதத்திற்குக் குறையாத பாதிப்பு என்று சான்றிதழ் பெற்ற பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி சட்டப்படியான உரிமை. 'நிராமயா' திட்டத்தில் ஒரு லட்ச ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு. 'எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்?' என்று ஏங்கும் பெற்றோர், பிள்ளைக்கு 18 வயதானதும், கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்து சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கலாம். இவை சலுகைகள் அல்ல, உரிமைகள்! சான்றிதழே வாங்காத குடும்பத்திற்கு இதில் எது போய்ச் சேரும்?

எனவே ஜமாஅத்துகளே, இளைஞர்களே! வீடு வீடாகக் கணக்கெடுங்கள். அடையாள அட்டைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். மாவட்ட அலுவலகத்திற்குத் துணைக்குச் செல்லுங்கள். தாய்மார்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேச மதரஸாவில் ஓர் அறையைத் திறந்து விடுங்கள். அவர்களுக்கு ஒருவருக்கொருவரே பெரிய பலம். பைத்துல்மாலிலிருந்து ஏழைப் பிள்ளையின் பயிற்சிக்குப் பேருந்துச் செலவாவது கொடுங்கள். பிள்ளையைச் சேர்க்க மறுக்கும் பள்ளியிடம் தந்தையைத் தனியே அனுப்பாதீர்கள். பயிற்சியாளர் பணியிடம் காலியாகக் கிடந்தால், சாதி மதம் பாராமல் எல்லாப் பெற்றோரையும் திரட்டிக்கொண்டு போய் மனுக் கொடுங்கள்.

இன்னொன்று. பார்வையற்ற ஒரு தோழரின் பக்கம் முகம் திருப்பாததற்காகத் தன் தூதரையே இறைவன் கண்டித்ததை 80வது அத்தியாயத்தில் ஓதுகிறோம். பின்வரிசையில் குழந்தை அழும் குரல் கேட்டு, தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையையே சுருக்கியவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். நாமோ, ஜும்ஆவில் ஒரு பிள்ளை சத்தமிட்டால் தந்தையை முறைத்துப் பார்க்கிறோம். அடுத்த வாரம் அவர் பிள்ளையை அழைத்து வருவதில்லை. அதற்கடுத்த வாரம் அவரும் வருவதில்லை.

வரும் ஜும்ஆவில் அந்தப் பிள்ளைக்கும் தந்தைக்கும் பக்கத்தில் இடம் விட்டு உட்காருங்கள். வேலை அங்கிருந்து தொடங்கட்டும்!