நெஞ்சைக் காக்கும் வாயு



நெஞ்சு வலித்தால் "வாயுப் பிடிப்பு" என்று சொல்லித் தைலம் தேய்ப்பது நம் வழக்கம். ஆனால் நெஞ்சைக் காக்கும் வாயுவும் ஒன்று உண்டு. தெரியுமா உங்களுக்கு?

பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டையைப் பக்குவமாகச் சீவினால் பால் வடியும். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். நம் இரத்தக் குழாயின் உட்புறத்திலும் அப்படியொரு மெல்லிய படலம் இருக்கிறது. ஒரே ஓர் அடுக்கு உயிரணுக்கள்தான்! வெறும் பூச்சு என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள்.

அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் இரத்தக் குழாயில் சோதனை செய்தார். படலம் கெடாமல் இருந்தபோது, மருந்து பட்டதும் குழாய் தளர்ந்தது. படலத்தைத் தேய்த்து எடுத்த பின் தளரவே இல்லை. ஆகவே, படலம்தான் தசைக்குச் சேதி அனுப்புகிறது என்று 1980-ல் வெளியிட்டார். அந்தச் சேதி நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு எனப் பின்னர் தெரிந்தது. இதற்காக 1998-ல் அவர் உட்பட மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இரத்தம் உரசி ஓடும்போது படலம் அதை உணர்ந்து இவ்வாயுவை உண்டாக்கும். அதன் ஆயுள் சில விநாடிகளே. அதற்குள் பக்கத்துத் தசைக்குள் புகுந்து, அங்கே இன்னொரு தூதுப் பொருளை எழுப்பிவிடும். தசை இளகும், குழாய் விரியும், இரத்தம் தாராளமாக ஓடும். இருதய நோயாளிகள் நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரையும் இதே வாயுவைத்தான் தருகிறது.

நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். டாக்டர் டி. ஜே. தனராஜ் குழுவினர் சிங்கப்பூரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து 1959-ல் வெளியிட்டார்கள். இருதயக் குழாய் நோய் மற்ற இனத்தாரைவிட இந்தியரிடம் அதிகம் என்று கண்டார்கள். பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவின் முதல் தலைவரானவர் இவர். காரணம் ஒன்றல்ல. ஆனால் நீரிழிவும் புகையும் இப்படலத்தைக் கெடுப்பது உறுதி.

தோட்டத்தில் மேடுபள்ளம் ஏறிய கால்கள், பட்டணத்து அடுக்குமாடியில் மின்தூக்கியே கதி என்று நின்றுவிடுகின்றன. நடங்கள்! நடந்தால் இரத்தம் விரைந்து ஓடும். படலம் உற்சாகமாக வேலை செய்யும். தேக்காவுக்குப் போனால் "தே ஓ கோசோங்" கேளுங்கள். பாலுமில்லை, சீனியுமில்லை. சுருட்டை விடுங்கள்.

நெஞ்சை அழுத்தி, வியர்த்து, இடக்கையில் வலி பரவினால் தைலத்தைத் தேடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.